லேப்டாப்புக்கு வைஃபை எட்டலயா? டாங்கிள், நீட்டு கேபிள், ஜல்லிக்கரண்டி: யூஸ் பண்ணி பார்த்த ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இந்த மூணுல குடுத்த காசுக்கு மேல வேலை செஞ்சது எதுன்னு கேட்டா டாங்கிள், அதாவது யூஎஸ்பில சொருகற குட்டி வைஃபை கருவி, அது கூட இல்ல, அந்த யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் தான். கடைல யாரும் அத எடுத்து காட்ட மாட்டாங்க, நாம தான் கேட்டு வாங்கணும். வைஃபை வீக்கா இருக்குன்னு போய் நின்னா சிக்னல தூரமா தள்ளி விடற ரிப்பீட்டர், மெஷ் மாதிரி பெட்டி வாங்குங்கன்னு ஆயிரக்கணக்குல தான் ஆரம்பிப்பாங்க, அதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க.

வீடு எப்படின்னு தெரிஞ்சா தான் நான் சொல்றது புரியும். சென்னை பழைய வண்ணாரப்பேட்டை, ஜி.ஏ. ரோட்டுல இருந்து உள்ள போற தெரு, வாடகை வீடு. இந்த பக்கத்து பழைய வீடுங்கள பார்த்தவங்களுக்கு தெரியும், முகப்பு அகலம் கம்மி, நீளம் மட்டும் போய்க்கிட்டே இருக்கும், ஒரு ரூமுக்கு பின்னாடி இன்னொரு ரூம், சுவர் எல்லாம் இப்ப கட்டற மாதிரி மெல்லிசு கிடையாது, செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு தடியா கட்டினது. ஃபைபர் லைன் தெருவுல இருந்து வர்றதால ரவுட்டர் முன் ரூம்லயே மாட்டிட்டாங்க, நான் வேலை பாக்கறது கடைசி ரூம், நடுவுல ரெண்டு தடி சுவர், ஒரு இரும்பு பீரோ, ஒரு ஃப்ரிட்ஜ். இரும்ப தாண்டி வைஃபை போகாது, சுத்தி தான் வரணும். சுவத்துல ஓட்டை போட்டு லேன் கேபிள் இழுக்கலாம்னா ஹவுஸ் ஓனர் அம்மா ஒரு ஆணி அடிக்கவே யோசிப்பாங்க, அதனால அந்த பேச்சே இல்ல.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி சும்மா செய்யக்கூடியது சிலது இருக்கு, அத செஞ்சிட்டு மேல படிங்க. ரவுட்டர்ல குச்சி ஆன்டெனா இருந்தா அத உங்க ரூம் பக்கம் நீட்டி விடாதீங்க, குச்சியோட நுனில இருந்து சிக்னல் போகாது, குச்சிய சுத்தி பக்கவாட்டுல தான் பரவும், அதனால ஒரே மாடில இருந்தா நேரா நிக்க வைக்கறது தான் கரெக்ட். அப்புறம் ரவுட்டர் ரெண்டு அலைவரிசைலயும் அனுப்பினா, தூரமா இருக்கற லேப்டாப்ப 5 கிகாஹெர்ட்ஸ்ல இருந்து 2.4க்கு மாத்துங்க, ஸ்பீடு கம்மி தான் ஆனா சுவர தாண்டி வரும். அந்த 2.4க்குள்ள இருக்கற சேனல்கள்ல 1, 6, 11 இந்த மூணும் தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது, நம்ம ஏரியால வீட்டுக்கு வீடு ஒட்டி இருக்கு, போன்ல ஏதாவது வைஃபை அனலைசர் ஆப் போட்டு பார்த்தா பக்கத்து வீட்டு ரவுட்டர் எல்லாம் எந்த சேனல்ல இருக்குன்னு காட்டும், காலியா இருக்கறதுல நம்மளோடத வைங்க. எங்க வீட்ல இத செஞ்சதுலயே வாட்ஸ்அப் கால் கட்டாகறது குறைஞ்சது, மீட்டிங் வீடியோ மட்டும் நின்னு நின்னு வந்துக்கிட்டு இருந்துச்சு.

இப்ப டாங்கிள். லேப்டாப்புக்கு உள்ள இருக்கற வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் ஸ்க்ரீன சுத்தி ஃப்ரேமுக்குள்ள தான் ஒட்டி இருக்கும், அதனால லேப்டாப்ப கொஞ்சம் திருப்பி வெச்சாலே சிக்னல் மாறும். நகம் சைஸ்ல வர்ற குட்டி நானோ டாங்கிள் வாங்கி நேரா லேப்டாப்ல சொருகினா இத விட நல்லா வரும்னு எதிர்பார்க்காதீங்க, அதுக்குள்ள ஆன்டெனா இத்தனூண்டு, நிக்கறதும் அதே மோசமான இடத்துல தான். நான் வாங்கினது விரல் நீள சைஸ், 2.4 மட்டும் எடுக்கறது, ஐநூறு ரூபாக்கு பக்கத்துல ஆச்சு. டப்பால ஸ்பீடு 150 எம்பிபிஎஸ்னு பெருசா போட்டிருக்கும், அது ரெண்டு சேனல் அகலம் சேர்த்து 40 மெகாஹெர்ட்ஸ் கிடைச்சா தான், நம்ம ஏரியா நெரிசல்ல 20ல தான் ஓடும், அப்போ லிங்க் ஸ்பீடு அதிகபட்சம் 72, அதுலயும் கைக்கு வர்றது பாதி அளவுன்னு வெச்சுக்கோங்க. மீட்டிங்குக்கும் படம் பாக்கவும் அது தாராளம்.

இந்த கேபிள் தான் ஹீரோ. எங்க கடைசி ரூமுக்கு ஒரு ஜன்னல் இருக்கு, அது பக்கத்து சந்த பார்த்து திறக்கும், முன் ரூம் ஜன்னலும் அதே சந்து பக்கம் தான். அதாவது சுவர் வழியா வராத சிக்னல் சந்து வழியா வெளிய போய் திரும்ப உள்ள வருது. போன கைல வெச்சுக்கிட்டு ரூம் முழுக்க மெதுவா நடந்தா இது தெரிஞ்சிடும், டேபிள் கிட்ட சிக்னல் ஒரு கட்டை, ஜன்னல் கம்பி கிட்ட மூணு கட்டை. லேப்டாப்ப தூக்கிட்டு ஜன்னல்ல போய் உக்கார முடியாது, ஆனா மூணு மீட்டர் யூஎஸ்பி கேபிள் போட்டு டாங்கிள மட்டும் அங்க கொண்டு போய் கட்டலாம் இல்ல? சிக்னல நம்ம கிட்ட இழுக்கறதுக்கு பதிலா வாங்கற ஆள சிக்னல் இருக்கற இடத்துக்கு அனுப்பறது, அவ்ளோ தான் விஷயம். நூல் போட்டு கம்பில கட்டினேன், அன்னைக்கே வீடியோ நிக்காம ஓடுச்சு, எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு.

கேபிள் வாங்கும்போது பாக்க வேண்டியது நீளம். யூஎஸ்பி 2.0க்கு 5 மீட்டர் தான் லிமிட், அதுக்கு மேல வேணும்னா நடுவுல சிப் வெச்ச ஆக்டிவ் கேபிள் கேளுங்க, ரெண்டு மூணு சாதா கேபிள ஒண்ணோட ஒண்ணு சொருகி நீட்டினா டாங்கிள் கனெக்ட் ஆகி ஆகி போகும். ரொம்ப மெல்லிசா இருக்கற கேபிளும் வேணாம், கரன்ட் இறங்கிடும். இன்னொண்ணு நிறைய பேருக்கு தெரியாது, லேப்டாப்ல இருக்கற யூஎஸ்பி 3 போர்ட்ல ஹார்ட் டிஸ்க் மாதிரி ஏதாவது ஓடினா அதுலயிருந்து வர்ற ரேடியோ இரைச்சல் 2.4 மேலயே போய் விழும், இன்டெல் கம்பெனியே 2012ல இத பத்தி ஒரு பேப்பர் போட்டிருக்காங்க. டாங்கிள் தள்ளி இருந்தா அந்த தொல்லையும் போச்சு.

சரி, ஜல்லிக்கரண்டிக்கு வரேன். பஜ்ஜி கடைல எண்ணெய்ல இருந்து மொத்தமா அள்ளுவாங்களே, அகலமா குழிஞ்ச கம்பி வலை, நீட்டு கைப்பிடி, அதே தான். இது நான் கண்டுபிடிச்சது இல்ல, நியூசிலாந்துல ஸ்டான் ஸ்வான்னு ஒருத்தர் 2000த்துக்கு அப்புறம் வந்த வருஷங்கள்ல இப்படி சமையல் வலை கரண்டிக்கு நடுவுல யூஎஸ்பி டாங்கிள வெச்சு தூரத்து வைஃபைய பிடிச்சு காட்டினார், உலகம் முழுக்க பரவிடுச்சு. டிஷ் ஆன்டெனா வேலை செய்யற அதே கணக்கு, குழிஞ்ச பரப்புல பட்டதெல்லாம் ஒரு புள்ளில வந்து சேரும், அந்த புள்ளில டாங்கிள் இருக்கணும். வலைல ஓட்டை இருக்கே எப்படின்னா, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஒண்ணோட நீளமே கிட்டத்தட்ட 12.5 சென்டிமீட்டர், ஓட்டை அதுல பத்துல ஒரு பங்குக்கு கீழ இருந்தா அலைக்கு அது தகடு மாதிரி தான் தெரியும்.

புள்ளி எங்கன்னு கண்டுபிடிக்க அகலத்த அகலத்தாலயே பெருக்கி, ஆழத்த 16ஆல பெருக்கின எண்ணால வகுங்க. என்னோடது 28 சென்டிமீட்டர் அகலம், 7 ஆழம், 784ஐ 112ஆல வகுத்தா 7 வருது, அதாவது கரண்டியோட அடில இருந்து 7 சென்டிமீட்டர் மேல, விளிம்பு மட்டத்துலயே. ஆனா கடை கரண்டி டிஷ் மாதிரி சரியான பரவளையமா இருக்காது, பந்த வெட்டின மாதிரி தான் குழிஞ்சிருக்கும், அப்படி இருந்தா புள்ளி இன்னும் கொஞ்சம் தள்ளி 9 கிட்ட விழும், அதனால 7ல இருந்து 9 வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி பாக்கணும். டாங்கிள கேபிளோட ஒரு மரக்குச்சில ரப்பர் பேண்ட் போட்டு கட்டி நடுவுல நிக்க வெச்சேன், இரும்பு கம்பில கட்டாதீங்க. சோதிக்கறதுக்கு சிக்னல் கட்டைய நம்பாதீங்க, கமாண்ட் ப்ராம்ப்ட்ல ரவுட்டர் அட்ரஸுக்கு, நிறைய ரவுட்டர்ல அது 192.168.1.1, பதில் வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு காட்டற பிங் கமாண்ட போட்டு நிக்காம ஓட விடுங்க, நேரம் ஒரே சீரா வந்து டைம் அவுட் இல்லாம போச்சுன்னா அது தான் நல்ல இடம்.

பேப்பர் கணக்குல இந்த சைஸ் வலைக்கு 14 டெசிபல் வரைக்கும் கூடணும், 10 டெசிபல்னாலே பத்து மடங்கு. அவ்ளோ எனக்கு கிடைச்சிருக்காது, டாங்கிள் ஆன்டெனா நாலா பக்கமும் பாக்கறதால பாதி வீணா போகும். ஆனாலும் மழை நாள்ல சந்து பக்கம் ஜன்னல் கதவ சாத்தி வெச்சப்ப கூட மீட்டிங் விடாம போச்சுன்னா அது இந்த கரண்டியால தான். குறை என்னன்னா ரொம்ப குறுகலா பாக்கும், யாராவது துணி காயப்போட வந்து கை பட்டா திசை மாறிடும், திரும்ப உக்காந்து திருப்பணும். எங்க அம்மா வேற சமையலுக்கு கரண்டி வாங்கிட்டு வந்தேன்னு நினைச்சு எடுத்து கழுவி வெச்சிட்டாங்க ஒரு நாள்.

ரவுட்டருக்கு பின்னாடி அலுமினியம் ஃபாயில் வைக்கறது பத்தியும் கேப்பீங்க. அது பொய் இல்ல, அமெரிக்கால டார்ட்மத் காலேஜ்ல 2017ல ரவுட்டர சுத்தி வைக்க கணக்கு போட்டு வளைச்ச ரிஃப்ளெக்டர் பண்ணி எந்த பக்கம் கூட்டணும் எந்த பக்கம் குறைக்கணும்னு காட்டியிருக்காங்க. ஆனா ஒரு பக்கம் கூடினா இன்னொரு பக்கம் குறைஞ்சே ஆகணும். எங்க வீட்ல பின் ரூமுக்கு கொஞ்சம் கூடுச்சு, முன் வாசல்ல உக்காந்து போன் பாக்கற அப்பாவுக்கு போச்சு, எடுத்துட்டேன்.

டாங்கிளே வாங்க வேணாம்னு நினைக்கறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, பழைய ஆண்ட்ராய்டு போன் டிராயர்ல கிடந்தா அத வைஃபைல கனெக்ட் பண்ணி ஜன்னல்ல வெச்சு, டேட்டா கேபிள்ல லேப்டாப்போட சேர்த்து யூஎஸ்பி டெத்தரிங் ஆன் பண்ணுங்க, நிறைய போன்ல அந்த வைஃபை நெட்டே கேபிள் வழியா லேப்டாப்புக்கு வந்துடும், சிம் கூட தேவையில்ல. செலவே இல்லாத வழி, ஸ்டூடண்ட்ஸ் யாராவது இருந்தா இத தான் முதல்ல பாருங்கன்னு சொல்வேன்.

வாங்கற இடம். டாங்கிளும் கேபிளும் எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல, இங்க இருந்து மெட்ரோல ஏறினா கவர்மென்ட் எஸ்டேட் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம், வண்டி நிறுத்த இடம் தேடற வேலை இல்ல. கடைல டெஸ்ட் பண்ணி தருவாங்களான்னு கேட்டுட்டு வாங்குங்க, விண்டோஸ் வெர்ஷன் சொல்லி டிரைவர், அதாவது டாங்கிள ஓட வைக்கற சாஃப்ட்வேர், தானா ஏறுமான்னும் கேளுங்க, சிடி குடுத்தா அத போட உங்க லேப்டாப்ல டிரைவ் இருக்காது. கரண்டி தங்கசாலை பக்கம் ஹோட்டல் பாத்திரம் விக்கற கடைல கிடைக்கும், வீட்டு சைஸ் பத்தாது, ஹோட்டல் சைஸ் கேளுங்க. இரும்பு வேணாம், ஸ்டீல் தான், காசிமேட்டு கடல் பக்கம் இருந்து வர்ற உப்பு காத்துல இரும்பு வலை சீக்கிரமே துரு பிடிச்சிடும், டாங்கிளோட யூஎஸ்பி முனையும் பச்சை பிடிக்கும், அப்பப்போ கழட்டி துடைச்சு வைங்க. ஜன்னல் கம்பிக்கு உள் பக்கமா கட்டுங்க, வெளிய வேணாம், ஐப்பசி மழைல சாரல் அடிச்சா கேபிள் வழியா தண்ணி நேரா லேப்டாப் போர்ட்டுக்கு இறங்கும், அதனால கேபிள ஜன்னலுக்கு கீழ ஒரு வளைவு தொங்க விட்டுட்டு அப்புறம் டேபிளுக்கு ஏத்துங்க, தண்ணி வந்தாலும் அந்த வளைவுலயே சொட்டிடும்.