ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டரை ரீபில்டுக்குக் கொடுத்து ஏமாந்த கதை

அப்பா 1993-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் எங்கள் வீட்டில் இன்றும் ஓட்டத்தில் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் அதன் கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டத் தொடங்கியது. உள்ளே வரும் பெட்ரோலை அடைத்து நிறுத்தும் ஃப்ளோட் நீடில் என்ற ஊசி தேய்ந்தால் வரும் சாதாரணக் கோளாறு அது; நீடிலையும் கேஸ்கட்டையும் மாற்றினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதுபோன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கைதேர்ந்தவர் என்று நண்பர்கள் சொன்ன ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுசென்றேன். உள்ளே எல்லாமே தேய்ந்துவிட்டது, கார்புரேட்டர் தயாரிப்பாளரான மிகுனியின் ஒரிஜினல் கிட் போட்டு, உள்பாகங்களை மாற்றி முழுவதுமாக ரீபில்ட் செய்ய வேண்டும், கூடவே மைலேஜ் செட்டிங்கும் செய்து தருகிறேன் என்று கூறி அவர் 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்த வண்டி, ஆக்ஸிலரேட்டரைத் திருகியவுடன் சீறியது. கலவையில் பெட்ரோல் சற்றுக் குறைந்தால் டூ ஸ்ட்ரோக் இஞ்சின் தொடக்கத்தில் இப்படித்தான் துடிப்பாக ஓடும் என்பதை அறியாமல், நாலு பேரிடம் அந்த மெக்கானிக்கைப் புகழ்ந்தும் வைத்தேன். பதினோராம் நாள் நான்குவழிச் சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது இஞ்சின் ஜாம் ஆகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன்.

வேறொரு மெக்கானிக் என் கண்முன்னே எல்லாவற்றையும் பிரித்தார். ஸ்பார்க் பிளக்கின் முனை காப்பித்தூள் நிறத்தில் இருப்பதற்குப் பதிலாகச் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பிஸ்டனில் நெடுகக் கீறல்கள். பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட் நீடில் என்ற ஊசியின் நடுப் பள்ளத்தில் இருந்த கிளிப்பை மேல் பள்ளத்துக்கு ஏற்றி ஊசியைத் தாழ்த்தி, காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை மூன்று சுற்றுக்கு மேல் திறந்து வைத்திருந்தார்கள். மைலேஜ் செட்டிங் என்பதன் பொருள் இவ்வளவுதான். உள்ளே போகும் பெட்ரோல் கலவைதான் பிஸ்டனின் சூட்டையும் ஓரளவு தணிக்கிறது என்பதால், அதைக் குறைத்தவுடன் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விவிட்டது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அந்தக் கார்புரேட்டரே என்னுடையது அல்ல என்பது. முப்பது ஆண்டுகளாக நான் பார்த்துவந்த மிகுனி முத்திரை அதன் உடலில் இல்லை; பெட்ரோல் பாயும் துளையுள்ள மெயின் ஜெட்டில் அளவைக் குறிக்கும் எண் இல்லை; ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடு விரலால் தொட்டாலே ஆடியது. இந்த வண்டியின் உற்பத்தி 1996-இலேயே நின்றுவிட்டதால், தேயாத பழைய கார்புரேட்டருக்கு நல்ல விலை இருக்கிறது. முதல் மெக்கானிக்கிடம் திரும்பப் போய்க் கேட்டபோது, “கழற்றிப் போட்ட சாமானையெல்லாம் யார் சார் எடுத்து வைப்பார்கள்?” என்றார்.

ஆகவே கொடுப்பதற்கு முன் கார்புரேட்டரின் முத்திரையையும், பிரிக்கும்போது ஜெட் எண்களையும் கிளிப் இருக்கும் பள்ளத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் ஸ்க்ரூவை முழுவதும் உள்ளே திருகி, எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். ஜெட் துளையைக் கம்பியால் குத்துகிற கடையாக இருந்தால் அப்போதே எழுந்து வந்துவிடலாம். மாற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். முக்கியமாக, பாகவாரியாக எழுதிய பில் வாங்குங்கள். சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோருக்கும் புதிய பிஸ்டனுக்கும் தனியாகச் செலவழித்துவிட்டுப் புகார் கொடுக்கலாம் என்று தேடியபோது, ‘சர்வீஸ் 4,800’ என்று பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றுதான் என்னிடம் இருந்தது.