மடங்காத முழங்கையோடு சென்னையில் ஆறு வாரம்

பிப்ரவரியில் டொரண்டோ வீட்டு வாசலில், பனியில் வழுக்கி விழுந்ததில் வலது முழங்கையில் எலும்பு விரிசல். நாலு வாரம் மாவுக்கட்டு. பிரித்த பிறகு கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. சோற்றுக் கவளம் வாய்க்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடும். குனிந்து குனிந்துதான் சாப்பிட்டேன்.

அங்கே வாரம் ஒரு நாள்தான் பிசியோதெரபி கிடைத்தது. அம்மா வீட்டில் ஆறு வாரம் இருந்தால் தினமும் போகலாமே என்று கிளம்பிவிட்டேன்.

முதலில் போன இடத்தில் கை எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கவே இல்லை. மெழுகு ஒத்தடம் கொடுத்தார்கள், அப்புறம் ஒருவர் பிடித்து அழுத்தினார். ராத்திரி முழங்கை வீங்கிவிட்டது. மூன்று நாளோடு நிறுத்தினேன். பக்கத்து வீட்டு மாமி எண்ணெய் போட்டு உருவிவிடச் சொன்னார்.

நல்லவேளை, மயிலாப்பூரில் எலும்பு மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. இறுகியிருப்பது மூட்டைச் சுற்றிய உறை என்றார். உருவவும் கூடாது, பலவந்தமாக இழுக்கவும் கூடாது. முன்பக்கத் தசை மூட்டின் மேலேயே படிந்திருக்கிறது. அது நசுங்கி ரத்தம் கட்டினால் அதற்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடலாமாம். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் அனுப்பிய பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். வந்ததும் கோணமானியை வைத்து அளந்தாள் (முழுக்க நேராக நீட்டிய கை 0 டிகிரி): நீட்டினால் 40 டிகிரி குறை, மடக்கினால் 95. "அக்கா, 30லிருந்து 130 வரைக்கும் வந்துட்டா அன்றாட வேலை பெரும்பாலும் நடந்துடும்" என்றாள். வெந்நீர் ஒத்தடம். பிறகு மேல்கையைச் சுருட்டிய டவல் மேல் வைத்து, முன்கையை அதன் எடையிலேயே மெல்ல இறங்க விட்டாள். இழுவை தெரியலாம், சுருக்கென்று வலிக்கக் கூடாது. அந்த இடத்தில் முப்பது விநாடி. வீட்டிலும் நாலு வேளை செய்யச் சொன்னாள். ஒரு தடவைக்கு 500 ரூபாய்.

மூன்றாவது வாரம்வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, அழுகையே வந்தது. ஐந்தாவது வாரம் ஒரு நாள் காலை, காபி டம்ளரை வலது கையாலேயே அண்ணாந்து குடித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

கிளம்பும்போது 25லிருந்து 125. மாதக்கணக்கில் இன்னும் கூடலாம் என்கிறார்கள். ஒரு கோணமானி வாங்கி வந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் அளந்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.