இறகு உதிரும் காக்கட்டூ: பிசிஆர் மட்டும் போதுமா?

ஆஸ்திரேலியாவின் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூக் கிளிக்கு இறகு உதிர்கிறதென்றால் முதலில் தலையைப் பாருங்கள். சலிப்பில் தன் இறகைத் தானே பிடுங்கும் கிளிக்கு அலகு எட்டாத ஒரே இடம் அதுதான். அங்கும் உதிர்ந்திருந்தால், கிளிகளின் அலகையும் இறகையும் கெடுக்கும் வைரஸ் நோயான அலகு-இறகு நோயோ என்று சந்தேகிக்கலாம். அலகில் வழக்கமாகப் படிந்திருக்கும் சாம்பல் தூள் போய்க் கறுப்பாகப் பளபளப்பது இன்னொரு அடையாளம். விவரம் தெரியாதவர்கள் அதை ஆரோக்கியம் என்று நினைத்துக்கொள்வதும் உண்டு.

சந்தேகத்தை உறுதி செய்யத்தான் பரிசோதனை. பிசிஆர் என்ற சோதனை, இந்த நோய்க்குக் காரணமான சர்கோவைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டுகிறது. துளி ரத்தமோ ஓர் இறகோ போதும். ஆனால் அதன் கூர்மையே சில நேரம் வம்பு. பக்கத்துக் கூண்டின் நோயாளிப் பறவை உதறிய தூசி இறகில் ஒட்டியிருந்தாலும் பாசிட்டிவ் வரலாம். நகத்தை வெட்டி எடுக்கும் ரத்தத்திலும் அதே ஆபத்து. ரத்த நாளத்திலிருந்து நேராக எடுப்பதே நல்லது. அப்படி எடுத்தாலும் வைரஸ் இருக்கிறதா என்றுதான் தெரியும். பறவை தோற்கிறதா ஜெயிக்கிறதா என்பது தெரியாது.

அதைச் சொல்வது பழைய இரட்டைப் பரிசோதனை. முதலாவது ஹெச்ஏ, அதாவது சிவப்பணு ஒட்டல் சோதனை. இறகை ஊறவைத்த கரைசலைக் காக்கட்டூவின் சிவப்பணுக்களோடு கலக்கிறார்கள். வைரஸ் இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கரைசலை நீர்க்கச் செய்துகொண்டே போய் வைரஸின் அளவையும் கணிக்கலாம். இரண்டாவது ஹெச்ஐ, அதாவது ஒட்டல் தடுப்புச் சோதனை. பறவையின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தால் அந்த ஒட்டலைத் தடுத்துவிடும். ஹெச்ஐ அளவு, அதாவது எதிர்ப்புப் பொருள், உயர்ந்து, இறகில் வைரஸ் இல்லையென்றால் பறவை நோயை எதிர்த்து நிற்கிறது. இறகில் வைரஸ் கொட்டிக் கிடந்து ஹெச்ஐ இல்லவே இல்லையென்றால், நிலைமை மோசம். ஒரே சங்கடம், எல்லாப் பறவையின் சிவப்பணுவும் இதற்கு ஒத்துவராது. பொருத்தமான ரத்தம் கிடைத்தால்தான் வேலை நடக்கும்.

இறகுக் குழியைத் துண்டாக எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதும் உண்டு. சிதைந்த இறகுள்ள இடத்தில் எடுத்தால் நம்பலாம், ஆரம்ப நிலையில் ஏமாற்றிவிடும்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக் குஞ்சு என்றால் கணக்கே வேறு. இறகு கெடுவதற்கு முன்பே ரத்த வெள்ளணு சரிந்து குஞ்சு செத்துப்போகலாம். அங்கே இறகைக் கிளறுவது வீண். ரத்த பிசிஆர்தான் மேல்.

என் தேர்வைக் கேட்டால், இறகு கெட்ட காக்கட்டூவுக்கு ஹெச்ஏவும் ஹெச்ஐயும் சேர்ந்து. நலமாகத் தெரியும் புதுப் பறவைக்கு ரத்த பிசிஆர். பாசிட்டிவ் என்றால் உடனே பதற வேண்டாம். தனிக்கூண்டில் வைத்து 90 நாள் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போது நெகடிவ் வந்தால், பறவை வைரஸை விரட்டிவிட்டது என்று கொள்ளலாம்.