ஜெஃப் பெக்கின் ரோனி ஸ்காட்ஸ் இசைத்தட்டு: ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் ராக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம், 1975இல் வெளிவந்த 'ப்ளோ பை ப்ளோ' இசைத்தட்டையே பலரும் எடுத்துக் கொடுப்பார்கள். நான் 2008இல் வெளியான 'பெர்ஃபார்மிங் திஸ் வீக்: லைவ் அட் ரோனி ஸ்காட்ஸ்' என்ற இசைத்தட்டைத்தான் தருவேன். லண்டன் சோஹோவில், ஃப்ரித் தெருவில் இருக்கும் அந்தச் சிறிய ஜாஸ் கூடத்தில் 2007 நவம்பரில் அவர் வாசித்ததிலிருந்து தொகுத்த 16 உருப்படிகள் இதில் உள்ளன. 1966இல் முதன்முதலாகப் பதிவான 'பெக்ஸ் பொலேரோ'வில் தொடங்கி, நாற்பது ஆண்டு வாசிப்பு ஒரே அமர்வில் கேட்கக் கிடைக்கிறது.

பெக் எந்தக் குழுவிலும் நிலைத்தவர் அல்லர். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் விலகிய இடத்துக்கு 1965இல் யார்ட்பேர்ட்ஸ் என்ற ராக் குழுவில் சேர்ந்து, இரண்டு ஆண்டு நிறையும் முன்பே வெளியேறினார். ராட் ஸ்டூவர்ட்டைப் பாட வைத்து அவர் அமைத்த சொந்தக் குழுவும் 1969இல் கலைந்தது. பிறகு, பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினோடு சேர்ந்து, 'ப்ளோ பை ப்ளோ' வழியாகப் பாடகரே இல்லாத இசைக்கு வந்தார். பாட்டில்லாமல் ராக் ரசிகரைக் கட்டிப்போட முடியுமா என்ற ஐயம் அன்று நியாயமானதுதான். அதற்கு 'ப்ளோ பை ப்ளோ'வை விட இந்த இசைத்தட்டு முழுமையான விடையைத் தருகிறது என்பது என் கருத்து. ஏனெனில், 1980களில் அவர் தந்தியை மீட்டும் சிறு தகடான பிளெக்ட்ரத்தை விட்டுவிட்டு வெறும் விரல்களால் மீட்டத் தொடங்கிய பிறகே அவருடைய கிட்டாருக்கு மனிதக் குரலின் மென்மை கைகூடியது.

இதற்குச் சான்றாக 'நாடியா' ஒன்றே போதும். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் இசையமைப்பாளர் நிதின் சாஹ்னி இந்துஸ்தானி பாணியில் ஒரு பெண் குரலுக்காக அமைத்த மெட்டு அது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் அந்தக் குரலின் அசைவுகளைப் பெக், தந்திகளின் இறுக்கத்தை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோ கைப்பிடியைக் கொண்டு வாசிக்கிறார். கமகத்துக்குப் பழகிய காதுள்ளவர்கள் இந்த உருப்படியை நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள். மேலே சென்று நிற்கும் ஸ்வரம் சற்றும் பிசகாமல் சுருதியில் நிற்கிறது என்பதும், சுண்டு விரலால் ஒலி அளவுக் குமிழைத் திருகி ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தையும் அவர் மென்மையாக்குகிறார் என்பதும் அப்போதுதான் புலப்படும்.

உடன் வாசிப்பவர்களில் பேஸ் கிட்டார் கலைஞர் டால் வில்கன்ஃபெல்டுக்கு அப்போது 21 வயது நிறையவில்லை. ஸ்டீவி வொண்டர் இயற்றிய 'காஸ் வீவ் எண்டட் அஸ் லவ்வர்ஸ்' உருப்படியில், பெக் ஒதுங்கி நின்று அவருக்குத் தனி ஆவர்த்தனம் போல இடம் விடுகிறார். மூத்த கலைஞரின் பெருந்தன்மையை அதில் கேட்க முடிகிறது. டிரம்ஸில் வின்னி கொலாயுட்டா 'ஸ்பேஸ் பூகி'யின் சிக்கலான தாளத்தைச் சுமை தெரியாமல் தாங்குகிறார்.

குறை இல்லாமல் இல்லை. பீட்டில்ஸின் 'எ டே இன் த லைஃப்' இங்கே பெற்ற வடிவத்துக்கு 2010இல் கிராமி விருது கிடைத்தது என்றாலும், மூலத்தில் முழு வாத்தியக் குழு எழுப்பிய அந்தப் பேரலையை ஒற்றைக் கீபோர்டால் நிரப்ப முடியவில்லை என்றே எனக்குப் படுகிறது. மேலும், கிளாப்டனும் பாடகி ஜாஸ் ஸ்டோனும் விருந்தினராகக் கலந்துகொண்ட பகுதிகள் இந்த ஒலித்தட்டில் இல்லை. அவற்றுக்குக் காணொளித் தட்டைத்தான் வாங்க வேண்டும்.

ஒன்று மட்டுமே வாங்க முடியும் என்றால் காணொளியை வாங்குங்கள். 2023 ஜனவரியில், 78ஆம் வயதில் பெக் மறைந்துவிட்டார்; இனி அந்தக் கைகளை நேரில் பார்க்க வழியில்லை. 'வேர் வேர் யூ' என்ற உருப்படியில், தந்தியை அழுத்தாமல் தொட்டு எழுப்பிய ஹார்மானிக் ஒலிகளை, ட்ரெமோலோ கைப்பிடியின் மெல்லிய அசைவுகளால் அவர் முழு மெட்டாக வளைத்துக் கொண்டுபோவதைக் கண்ணாலும் பார்க்க வேண்டும்.