களிமண் தோட்டத்தில் தளம்: ஜல்லிப் படுகையா, கான்கிரீட்டா?

தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார ஒரு தளம் வேண்டும், மண்ணோ களிமண். மணலை மட்டும் பரப்பிக் கல் பதிக்கலாம், ஜல்லிப் படுகை அமைத்து அதன்மேல் கல் பதிக்கலாம், கான்கிரீட் போடலாம். முதல் வழியை இப்போதே தள்ளிவிடலாம். நனைந்து குழைந்த களிமண்ணில் மணல் புதைந்துபோகும். ஒரு மழைக்காலம் போனால் கற்கள் மேடும் பள்ளமுமாக நிற்கும். உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் உப்பினால்கூடப் பரவாயில்லை. தளத்தின் ஓரம் வெயிலில் காயும்போது நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். அருகில் பெரிய மரம் நின்றால், வேர் நீரை உறிஞ்சும் பக்கம் இன்னும் கீழே இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு கான்கிரீட் வளைந்துகொடுக்காது. 100 மி.மீ. கனத்தில், கம்பி வலை வைத்து, 3 மீட்டருக்குள் ஒரு வெட்டு (விரிசல் வந்தால் அந்தக் கோட்டிலேயே வரட்டும் என்று விடும் இடைவெளி) விட்டுப் போட்டாலும் விரிசல் வரலாம். கம்பி வலை விரிசலைத் தடுப்பதில்லை. விரிந்த பகுதிகள் விலகாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கான்கிரீட் போட்டால் ஜல்லி வேலை மிச்சம் என்பதும் தவறு. களிமண்மேல் போடும் கான்கிரீட்டுக்கும் கீழே ஜல்லி வேண்டும். ஆனாலும் கூரைத் தூண், கல் அடுப்பு போன்ற பாரம் வரும் இடத்திலும், மெல்லிய டைல்ஸ் ஒட்டும் இடத்திலும் கான்கிரீட்தான் சரி.

மற்ற எல்லாவற்றுக்கும் நான் ஜல்லிப் படுகையையே சொல்வேன். எங்காவது தாழ்ந்தால் அந்த நான்கு கல்லைப் பெயர்த்து, மட்டம் சரிசெய்து, திரும்பப் பதித்துவிடலாம். வேரும் குப்பையும் கலந்த மேல்மண்ணை முழுவதும் எடுத்துவிட்டு, அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் தடுக்கும் செயற்கை இழைத் துணி) விரிக்க வேண்டும். இந்தத் துணியில் சிக்கனம் பார்க்கவே கூடாது. அது இல்லாத படுகையைச் சில ஆண்டுகள் கழித்துத் தோண்டினால், ஜல்லியின் இடுக்கெல்லாம் களிமண் சேறு ஏறி அப்பியிருக்கும்; ஜல்லியும் பாதி கீழே புதைந்திருக்கும்.

துணிக்கு மேல், 40 மி.மீ. ஜல்லி முதல் கல்தூள் வரை கலந்த கலவை. உருண்டைக் கூழாங்கல் வேண்டாம், அது உருளும். உடைத்த கல்லின் முனைகள்தான் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். சாதாரண மண்ணுக்கு 100 மி.மீ. கனம் போதும் என்றால் களிமண்ணுக்கு 150 முதல் 200 வேண்டும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் மேல்பகுதி மட்டுமே இறுகும். 75 மி.மீ. அடுக்குகளாகப் பரப்பி, லேசாக நனைத்து, ஒவ்வொன்றையும் திமிசு போட்டு இறுக்குவதே வழி.

அடிமண் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். விரலில் பிசுபிசுவென ஒட்டினால் அன்று இறுக்காதீர்கள்; எவ்வளவு அடித்தாலும் பக்கவாட்டில் பிதுங்கும்.

இரண்டு வழிக்கும் பொதுவான ஆபத்து தண்ணீர். களிமண்ணில் தோண்டிய குழி தொட்டிபோல நீரைத் தேக்கிக்கொள்ளும். அதனால் குழியின் அடித்தளத்துக்கே 80-க்கு 1 வாட்டம் (80 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. சரிவு) கொடுத்து, தாழ்ந்த ஓரத்தில் துளைக்குழாய் பதித்து வெளியேற்றுங்கள். மேல்தளத்தின் வாட்டம் வீட்டுச் சுவரை விட்டு விலகியே போகட்டும். தண்ணீரைக் கொண்டுபோய் விடத் தாழ்வான இடமே இல்லையென்றால், ஆழமாகத் தோண்டாமல் மேல்மண்ணை மட்டும் அகற்றி, ஓரக்கல் கட்டி, தளத்தைத் தரைக்கு மேலே உயர்த்திவிடுங்கள்.