கண்ணுக்குப் படாத எழுத்தும் என் டெர்மினலும்

லினக்ஸோடு சேர்ந்தே வந்த டெர்மினலைத்தான், அதாவது கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் ஜன்னலைத்தான், வருஷக்கணக்கில் வைத்திருக்கிறேன். பழைய மடிக்கணினியிலும் பட்டென்று திறக்கும். லட்சம் வரி ஓடவிட்டாலும் திணறாது. நிறம், எழுத்துரு எதிலும் குறை சொல்ல மாட்டேன். என் கோபம் முழுக்க ஒரே விஷயத்தில்தான்: அகலமில்லாத எழுத்துகள், அதாவது கோப்பில் இருந்தும் திரையில் இடமே பிடிக்காதவை, இருப்பதை அது காட்டிக்கொடுப்பதே இல்லை.

எனக்கு வேலை பாம்பனில், விசைப்படகுகளின் பட்டியல்களைப் பார்த்துக்கொள்வது. ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது என்றால், அதற்குள் படகுவாரியாக டீசல் கணக்கு சரியாகியிருக்க வேண்டும். இந்த முறை ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் ஒரு படகு எண் இரண்டு வரிகளில் வந்து நின்றது. ஒரு வரியில் லிட்டர் கணக்கு இருக்கிறது, மற்றதில் பூஜ்யம். எண்களை மட்டும் பிரித்து, சார்ட் கட்டளையில் வரிசைப்படுத்தி, ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் யூனிக் கட்டளைக்குக் கொடுத்தால் இரண்டையும் அப்படியே விட்டுவைக்கிறது. எண்ணைத் தட்டித் தேடினால் ஒரு வரிதான் சிக்குகிறது. திரையிலோ இரண்டும் அச்சு அசல் ஒன்றே. எதிரே உட்கார்ந்திருக்கும் படகுக்காரர், "என்ன தம்பி, நம்ம போட்டுக்கு டீசல் இல்லைங்குது?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

டபிள்யூசி கட்டளையில் பைட் எண்ணிப் பார்த்தால் ஒரு எண் மற்றதைவிட மூன்று பைட் கூடுதல். ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக விரித்துக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி கட்டளையைப் போட்டதும் ஆள் மாட்டிக்கொண்டது. எம்எம் என்பதற்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே இ2 80 8பி. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் இதன் எண் 200பி, அகலமில்லா இடைவெளி. போனில் வந்த செய்தியிலிருந்து யாரோ வெட்டி ஒட்டியபோது கூடவே ஏறி வந்திருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் டெர்மினல் விதிப்படிதான் நடக்கிறது. அதற்குத் திரை என்பது கட்டம் போட்ட பலகை. எந்த எழுத்துக்கு எத்தனை கட்டம் என்பதற்கு டபிள்யூசிவிட்த் மாதிரி ஒரு கணக்கு உண்டு: ஆங்கில எழுத்துக்கு ஒன்று, சீன எழுத்துக்கு இரண்டு, 200பி-க்குப் பூஜ்யம். சரி, ஆனால் அதே கணக்கில் நம் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் பூஜ்யம்தான். புள்ளி தனிக் கட்டம் கேட்காமல் எழுத்தின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது, கண்ணுக்கும் தெரிகிறது. கட்டம் ஒதுக்க முடியாவிட்டால் போகட்டும், பக்கத்து எழுத்தின் நிறத்தையாவது மாற்றிக் காட்டலாமே!

அகலமில்லாத எழுத்துகளை எல்லாம் வழித்துப் போடச் சொல்லவில்லை. தமிழில் க், ஷ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் க்ஷ என்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் தனித்தனியே நிற்க வேண்டுமென்றால் நடுவில் 200சி என்ற, ஒட்டாமல் பிரித்து வைக்கும் அகலமில்லா எழுத்தைப் போட வேண்டும். அதை அழித்தால் எழுதியவர் வேண்டிய வடிவம் போய்விடும். அதனால்தான் காட்டு என்கிறேன். வைத்துக்கொள்வதா நீக்குவதா என்பதைப் பார்க்கிறவர் முடிவு செய்துகொள்வார். கோப்பின் தலையில் அடையாளக் குறியாகக் குந்தியிருக்கும் எஃப்இஎஃப்எஃப் என்ற அகலமில்லா எழுத்து இதைவிடத் தொல்லை. வரித் தொடக்கத்தோடு பொருத்தித் தேடினால் முதல் படகு மட்டும் கிடைக்காது.

இதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம், கோப்பைப் பக்கம் பக்கமாகத் திறந்து காட்டும் லெஸ் கட்டளை. கோப்பை அப்படியே திரையில் கொட்டும் கேட் கட்டளையில் ஒன்றுமே தெரியாத அதே வரியை லெஸ்ஸில் திறந்தால், எண்ணுக்கு நடுவே நிறம் தலைகீழாகி <யு+200பி> என்று பளிச்சென்று நிற்கிறது. விம் எடிட்டரும் <200பி> என்று எழுதிக்காட்டும். இரண்டும் ஓடுவது அதே ஜன்னலுக்குள்தான். திரைக்கு எதை அனுப்புவது என்று அந்த நிரல்கள் யோசித்து அனுப்புகின்றன, உண்மை. டெர்மினலிலும் அப்படி ஒரு தெரிவு வைத்து, வேண்டாதவர்களுக்கு அணைத்தே வைத்திருக்கலாம். அமைப்புப் பக்கம் முழுக்கத் துழாவிவிட்டேன், இல்லை. கர்சர் சிமிட்டுவதற்குக்கூட அங்கே தெரிவு இருக்கிறது!

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி, புது மடிக்கணினி வாங்கிவிட்டு, "காக்கா, நீங்க வச்சிருக்கறதையே போடவா?" என்று கேட்டிருக்கிறான் (காக்கா என்றால் அண்ணன்). நான் இன்றும் இதில்தான் வேலை பார்க்கிறேன், வேகத்துக்கு இதற்கு ஈடாக எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் ஆள் பெயரும் படகு எண்ணும் புழங்குகிற வேலைக்கு இதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் தம்பி, வேறு பார். எதைப் போட்டாலும் பட்டியலை லெஸ்ஸில் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அப்புறம் அனுப்பு.