டேபிள் சாவோடு ‘ஸ்டெபிலைசர் ஃப்ரீ’ என்றால் உஷார்!

வீட்டுப் பட்டறைக்கு அடக்கமாக ஒரு டேபிள் சா (மேடைக்கு மேல் வட்டப் பிளேடு நீட்டி நிற்கும் மரம் அறுக்கிற மிஷின்) தேடிக் கோவையில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "இம்போர்ட் பீஸ்ங்ணா, கம்பெனி ரேட்டுக்குப் பதினஞ்சாயிரம் கம்மி, ஸ்டெபிலைசர் வேற ஃப்ரீ" என்று யாராவது சொன்னால் அங்கேயே நில்லுங்கள். மிஷினின் நேம் பிளேட்டை, அதாவது வோல்டேஜ் விவரம் அச்சடித்த தகட்டைப் பார்க்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள். என்னிடம் 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கடைக்காரர் தலையில் கட்டியதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் மனு இருப்பதால் கடையின் பெயரையும் மிஷினின் பிராண்டையும் போடவில்லை. யாரும் கேட்காதீர்கள்.

எங்கள் வீடு பொள்ளாச்சிக்குப் பக்கம். கார் ஷெட்டில் பாதி இடம் என் பட்டறை. தோட்டத்து வேலியோரம் நின்ற தேக்கை வெட்டி, சா மில்லில் பலகை போட்டு, நிழலில் அடுக்கிக் காயவைத்திருந்தேன். அலமாரி, பையனுக்குப் படிக்கிற மேஜை என்று வீட்டில் பட்டியல் நீண்டுகொண்டே போனது. எங்கள் பக்கத்து ஆசாரிகள் பலர் கையில் பிடிக்கிற சர்க்குலர் ரம்பத்தைத் தலைகீழாக ஒரு ப்ளைவுட்டுக்கு அடியில் முடுக்கி, சுவிட்சைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, அதையே டேபிள் சா என்று ஓட்டுவார்கள். அவசரத்துக்கு நிறுத்த வேண்டும் என்றால் பிளக்கைத்தான் பிடுங்க வேண்டும். அவர்கள் கை பழகிய கை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. காசு போனாலும் ஒழுங்கான மிஷினாக வாங்கலாம் என்றுதான் கிளம்பினேன்.

கடையில் மிஷின் ஜம்மென்றுதான் இருந்தது. 10 அங்குல பிளேடு, மடக்கு ஸ்டாண்டு, நல்ல கனமான அலுமினிய மேடை. ஓட்டியும் காட்டினார்கள். சுவரிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்கு வயர், அங்கிருந்து மிஷினுக்கு. அது என்ன என்று கேட்டேன். "ஸ்டெபிலைசர்ங்ணா. உங்க ஊர்ப் பக்கம் கரண்ட் ஏறி எறங்கும்ல, மோட்டாருக்கு நல்லது" என்றார். ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் ஸ்டெபிலைசர் வைத்துப் பழகிய ஊரில் இதை யார் சந்தேகப்படுவார்கள்?

பிளேடுக்குப் பின்னால் நிற்கவேண்டிய ரைவிங் நைஃப் என்ற பாதுகாப்புத் தகடு இல்லை, மேல் மூடியும் இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் இங்க யாரும் மாட்டறதில்லீங்ணா, வேலைக்குத் தொந்தரவு" என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் உச்சம்: "இதுல சேஃப்டி உள்ளயே இருக்குதுங்ணா. விரல் பட்டா பிளேடு நின்னுரும்." எப்படி நிற்கும் என்றேன். கடைப் பையன் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினான். அது ஓவர்லோட் ரீசெட். மோட்டார் திணறி டிரிப் ஆனால் திரும்ப அமுக்குவதற்கு. விரலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

விரல் பட்டால் நிற்கிற மிஷின் உலகத்தில் உண்டு, அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. அமெரிக்காவின் சாஸ்டாப் அப்படிப்பட்டது. பிளேடில் ஒரு சின்ன மின் சமிக்ஞை ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பு பட்டால் அது மாறும். மாறிய 5 மில்லி செகண்டுக்குள் ஓர் அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாய்ந்து நிறுத்திவிடும். அந்த பிரேக் கார்ட்ரிட்ஜ் ஒரு முறைக்குத்தான், பிறகு புதிது போடவேண்டும், பெரும்பாலும் பிளேடும் போய்விடும். ஆகவே அந்த வசதி இருப்பதாகச் சொன்னால் கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட ஒன்றும் இருக்காது. இந்த ஒரு பொய்யை நம்பி எவனாவது கையை அசட்டையாக வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. பணம் போனதைவிட இதற்குத்தான் அதிகம் கோபம்.

சரி, வீட்டுக்கு வந்த கதை. ஆரம்பத்திலிருந்தே அறுப்பு சரியில்லை. தேக்குப் பலகையைத் தள்ளினால் மோட்டார் முனகும், வேகம் விழும், அறுத்த விளிம்பு கருகிப்போகும். கடைக்குப் போன் செய்தால், "மரம் ஈரமா இருக்கும்ங்ணா", "பிளேடு மழுங்கியிருக்கும்ங்ணா". புது பிளேடு வாங்கப் போனால் அது ஒரு தனி வம்பு. இந்த மிஷினின் ஸ்பிண்டில், அதாவது பிளேடு மாட்டும் தண்டு, 5/8 அங்குலம், 16 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. நம் கடைகளில் 10 அங்குல பிளேடு பெரும்பாலும் 25.4 அல்லது 30 மில்லிமீட்டர் ஓட்டையோடுதான் வருகிறது. நடுவில் ஒரு புஷ் (ஓட்டையைச் சின்னதாக்கும் வளையம்) போட்டுத்தான் மாட்டவேண்டும். அவர்கள் கொடுத்திருந்த புஷ்ஷைக் கழற்றி விரலால் ஆட்டிப் பார்த்தேன், கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடியது. மையம் விலகினால் எல்லாப் பல்லும் ஒரே மாதிரி வெட்டாது, ஒரு பக்கத்துப் பல் மட்டும் அடிவாங்கும். கோவையில் கணபதிப் பக்கம் ஒரு லேத்தில் கொடுத்துச் சுத்தமாகக் கடைந்து வாங்கினேன். அதற்கப்புறமும் முனகல் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில் வேறு வேலைக்கு வந்த எங்கள் வயர்மேன் இதைப் பார்த்தார். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "லைன்ல 225 இருக்குதுங்க. இந்த ஸ்டெபிலைசருதான் இழுவையைக் கெடுக்குது. நேரா பவர் பிளக்குல போட்டுப் பாருங்க" என்றார். மிஷினின் வயரில் நம்ம ஊர் மூன்று பின் 15 ஆம்பியர் பிளக்தான் இருந்தது. மாட்டி சுவிட்சைப் போட்டதும் சத்தம் கீச்சென்று ஏறிக்கொண்டே போனது. மோட்டாரின் கார்பன் பிரஷ் இருக்கும் துளை வழியாக நீலமாகப் பொறி. நான் சுவிட்சை அடிப்பதற்குள் புகை.

அப்புறம்தான் மிஷினைக் கவிழ்த்துப் பார்த்தோம். நேம் பிளேட் இருக்கும் இடத்தில் ‘230 வோல்ட், 2000 வாட்’ என்று வெள்ளி நிற ஸ்டிக்கர். ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் கிளப்பினால் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. அடியில் கம்பெனி அச்சடித்த ஒரிஜினல்: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 15 ஆம்பியர். அமெரிக்காவில் விற்கச் செய்த மிஷின். 120-ஐ 15-ஆல் பெருக்கினால் 1800 வாட், ஆக அந்த 2000 வாட்டும் கதைதான்.

நம் வீட்டில் வருவது 230 வோல்ட். 120-க்குச் செய்த கார்பன் மோட்டாருக்கு இதைக் கொடுத்தால், பாரம் இல்லாத நேரத்தில் அது தன் வேகத்தைத் தாண்டிப் பறக்கும், காயில் எரியும். பிளேடுக்கும் ஓர் எல்லை உண்டு, அதிகபட்சம் இத்தனை ஆர்பிஎம் என்று அதன் முகத்திலேயே பொறித்திருப்பார்கள். அன்றைக்கு அது தாண்டியதா இல்லையா தெரியாது. மோட்டார் முந்திக்கொண்டு எரிந்தது எங்கள் நல்ல நேரம்.

‘ஸ்டெபிலைசரை’யும் திறந்தோம். வீட்டுக்கு வாங்குகிற சாதாரண ஸ்டெபிலைசர் என்றால் உள்ளே ரிலே இருக்கும், வோல்டேஜைப் பார்த்து டேப் (காயிலின் நடுவிலிருந்து எடுக்கும் இணைப்பு) மாற்ற ஒரு சின்ன சர்க்யூட் போர்டு இருக்கும். இதில் ஒரே ஒரு காயில், நடுவில் ஒரு டேப், அவ்வளவுதான். 230-ஐ 120 ஆக்குகிற மலிவான ஆட்டோ டிரான்ஸ்பார்மர். வயர்மேன் வேறொரு லோடு கொடுத்து மீட்டர் வைத்தார். சும்மா இருக்கும்போது 120 காட்டியது, லோடு ஏறியதும் நூறுக்குக் கீழே விழுந்தது. முனகலுக்கும் கருகலுக்கும் காரணம் இதுதான். வோல்டேஜ் விழுந்தால் மோட்டார் மெதுவாகும், மரத்தை அதே வேகத்தில் தள்ளினால் கரண்ட் கூடுதலாக இழுக்கும், சுற்று குறைந்ததால் அதன் விசிறியும் குளிர்விக்காது. மரம் காய்ந்ததா ஈரமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் எனக்குப் பொறுக்காதது அந்த பிளக். அமெரிக்க மிஷினில் தட்டையான பின் உள்ள பிளக் இருக்கும். அது நம்ம ஊர் 15 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையவே நுழையாது. அப்படியே விட்டிருந்தால் யாரும் நேராக மாட்டியிருக்க முடியாது. அதை வெட்டிவிட்டு நம்ம ஊர் பிளக்கைப் போட்டது யார்? கடைக்காரர்தான். அவரிடம் போய்க் கேட்டபோது சொன்ன பதில்: "ஸ்டெபிலைசர் இல்லாம போட்டீங்கன்னா வாரண்டி கெடையாதுங்ணா." கொஞ்சம் குரலை உயர்த்தியதும் இறங்கி வந்தார். "காயில் கட்டிக் குடுக்கறங்ணா. கோயமுத்தூர்ல கட்ட முடியாத மோட்டார் உண்டுங்களா?"

இந்த ஒரு வாக்கியத்தை வைத்து இந்த ஊரில் எத்தனையோ குப்பை விற்றுப்போகிறது. பம்பு செட்டுக்கும் மில் மோட்டாருக்கும் காயில் கட்டுகிற ஆட்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அவர்கள் கைவேலையில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் பீளமேட்டில் ஒரு பெரியவரிடம் ஆர்மேச்சரை, அதாவது மோட்டாருக்குள் சுழலும் பாகத்தைக் காட்டியபோது அவரே கையை விரித்தார். "பம்பு மோட்டார் நிமிசத்துக்கு மூவாயிரம் சுத்துக்குள்ள ஓடுதுங்க தம்பி. இது பதினஞ்சாயிரத்துக்கு மேல ஓடி, கியர்ல எறங்கிப் பிளேடுக்குப் போகுது. கட்டுனா மட்டும் போதாது, பேலன்ஸ் பண்ணோணும். காமுடேட்டரும் போயிருச்சு. இதுக்குச் செலவு பண்ணாதீங்க" என்றார். காசு வாங்கவில்லை.

கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலும் கேட்டேன். இந்த மாடலே இந்தியாவில் விற்பது இல்லை, பாகம் வராது என்று நாகரிகமாக அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. போஷ், மகிட்டா, டிவால்ட் எல்லாம் இந்தியாவுக்கென்று 230 வோல்ட்டில் விற்கிறார்கள். டீலரிடம் போனால் விலை கூடத்தான். ஆனால் நேம் பிளேட் உடம்போடு ஒட்டியிருக்கும், ரைவிங் நைஃபும் மூடியும் பெட்டிக்குள் இருக்கும். 10 அங்குலம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். அதில் சுமார் 80 மில்லிமீட்டர் ஆழம் அறுக்கலாம், டிவால்ட்டின் 8¼ அங்குல மிஷினில் 65 வரை. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டும் இரண்டு அங்குலச் சட்டமும்தான் உங்கள் வேலை என்றால் சின்னதே தாராளம், தூக்கிவைக்கவும் சுலபம்.

கடையிலேயே அளவு டேப்பை எடுத்து ஒரு சோதனை செய்யுங்கள், ஓடாத மிஷினில், பிளக்கைக் கழற்றிவிட்டு. பிளேடை முழுக்க உயர்த்தி ஒரு பல்லில் மார்க்கர் வையுங்கள். அந்தப் பல் முன்னால் இருக்கும்போது கைடுக்கும் (மரத்தை ஒட்டித் தள்ளுகிற பக்கத் தடுப்பு) அதற்கும் எவ்வளவு என்று அளந்துகொண்டு, பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளக்கவேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். பின்னால் இடைவெளி குறைந்தால் மரம் பிளேடுக்கும் கைடுக்கும் நடுவில் நசுங்கும். பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி ஏறி வருபவை, நசுங்கிய மரத்தைத் தூக்கி நிற்பவன் வயிற்றைப் பார்த்து வீசும். ரைவிங் நைஃப் இருந்தால் அறுத்த இடைவெளி மூடிக்கொள்ளாது, மரமும் பின்பல்லில் ஏறாது. அது பிளேடின் தகட்டைவிடத் தடிமனாகவும் பல்லின் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்கவேண்டும். "தனியா வாங்கி மாட்டிக்கலாம்ங்ணா" என்றால் நம்பாதீர்கள், மாடலுக்கு மாடல் அது வேறு.

பெட்டியையும் படியுங்கள். இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாடு, எம்ஆர்பி எல்லாம் மேலே இருக்கவேண்டும், 2011-ஆம் ஆண்டு விதி அது. என் பெட்டியில் ஒன்றும் இல்லை. பில் கேட்டால் ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு தாள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். எண்ணும் எழுத்துமாக 15 இருக்கும், தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கடையின் பெயர் வந்துவிடும்.

என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஜிபேயில் பணம் அனுப்பிய ரசீதும், வாங்கும் முன் அவர் வாட்ஸப்பில் அனுப்பிய ‘230 வோல்ட்’ ஸ்டிக்கர் போட்டோவும்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், கடைக்காரர் பதிலே தரவில்லை. பிறகு மாவட்ட ஆணையத்தில் மனு. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வாங்கிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டுவிடவேண்டும். வக்கீல் இல்லாமலும் நடத்தலாம். உரித்த ஸ்டிக்கரை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

நோட்டீஸ் போனதும் கடைக்காரர் போன் செய்தார். 12,000 தருகிறேன், மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். முழுப் பணம், அதுவும் எழுத்தில் கொடுங்கள் என்றேன். "எஸ்டிமேட்லயே எழுதித் தரட்டுங்களா?" என்று கேட்கிறார் மனுஷன்.